ஆணியில் தொங்கும் துருப்பிடித்த மேகசின்

நம் போலீஸ் ஆயுதக் கிடங்குக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, அங்கே துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஆர்மரர் ஏட்டு தங்கையா எழுதுவது. போன வாரம் ஒரு பென்ஷன் காகிதத்துக்காக அங்கே வந்திருந்தேன். உங்களில் ஒருவர் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார். வேலை மேஜைக்கு மேலே, ஆணியில், ஒரு பாண்டேஜ் துணியில் கட்டித் தொங்கும், தோட்டா அடைக்கும் துருப்பிடித்த பிஸ்டல் மேகசினைக் காட்டி, "ஏட்டையா, இந்தக் கழிசலைத் தூக்கிப் போட்டுரலாமா?" என்று கேட்டார். "அதுல கைய வச்ச, கைய ஒடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வீட்டுக்கு வந்து, இதை என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "தெரியாமத்தான கேட்டான், அதுக்கு ஏன் அப்படி எரிஞ்சு விழுந்தீய?" என்றாள். நியாயம்தான். என் கோபம் எனக்குச் சர்வீஸ் முழுக்க வேலை வைத்திருக்கிறது. அந்த மேகசின் அங்கே தொங்குவதற்கும் என் கோபம்தான் பாதிக் காரணம். ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவது எப்படி என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை.

இந்தக் கதை நடந்த வருஷம் நமக்குப் புது மாடல் பிஸ்டல்கள் கொஞ்சம் வந்திருந்தன. பழைய பிஸ்டலின் மேகசின் இதில் நுழையாது, இதன் மேகசின் அதில் நுழையாது. ஐப்பசி மழையில் ஒரு பந்தோபஸ்துக்குப் போன அதிகாரி ஒருவர், நனைந்த புது மாடல் மேகசினை ஈரத் துணியில் சுற்றி நாலு நாள் அலமாரியில் வைத்துவிட்டார். என் கைக்கு வரும்போது வெளிப்பக்கம் முழுக்கச் செந்துரு. தேய்த்துத் துடைத்தேன். உள்பக்கம் சுத்தமாகிவிட்டது. வெளியே துரு அரித்த தழும்பு போகவில்லை. அதைக் கருவிப் பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு, வருகிற அதிகாரிகளிடமெல்லாம் எடுத்துக் காட்டிப் புலம்புவேன்.

ராஜபாளையத்தில் பஞ்சாலை மெஷின்களின் உதிரிபாகங்களுக்குக் கோட்டிங் போடும் பட்டறை ஒன்று இருந்தது. பெயின்ட் மாதிரி தெளித்து, ஓவனில் வைத்து வாட்டி எடுப்பார்கள். துரு கிட்டே வராது. இதை நம் மேகசின்களுக்குப் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, எஸ்கார்ட்டோடு போய், முதலில் மாதிரிக்கு நாலு மேகசின் கொடுத்தேன்.

பட்டறையை நடத்தியது ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும். உள்ளே இருந்த ஆளிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு, மேகசினை வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார்.

"வெளியே மட்டும் போட்டாப் போதுமா சார்?"

"உள்ளேயும் வெளியேயும் போடுங்க. துரு உள்ளயும் பிடிக்கும்லா."

"உள்ளே போட்டா ரெண்டு பக்கச் சுவர்லயும் ஏறும். இடம் குறையும். பரவாயில்லையா?"

நல்ல கேள்வி. அதற்கு நான் சொன்ன பதிலை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. "ஏம்மா, நான் இருபத்தெட்டு வருசமா துப்பாக்கி பாக்கேன். நீங்க நூல் சுத்துற மெஷினப் பாருங்க" என்றேன். அந்த அம்மா நான் சொன்னபடி செய்து கொடுத்தார்.

வந்தது பாருங்கள், கன்னங்கரேலென்று, தொட்டால் கையில் ஒட்டாமல், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கள் ரிசர்வ் இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. அய்யா, அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். மற்ற யூனிட்டுகளிலிருந்து போன் வந்தது. நான் தரையில் நடக்கவில்லை. இருந்த மற்ற புது மாடல் மேகசின்கள் மொத்தத்தையும் பெட்டியில் வைத்து அதே பட்டறைக்கு அனுப்பினேன். ஆடி மாதம் ஆண்டாள் கோயில் தேர் பந்தோபஸ்துக்கு வருகிற அதிகாரிகளின் இடுப்பில் என் கோட்டிங் மேகசின்கள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் வந்த நாலையும் காளீஸ்வரிக்குக் கொடுத்தேன். வத்திராயிருப்புப் பெண். அப்பா தென்னந்தோப்பில் காவல். அப்போது அவள் சாதாரணக் கான்ஸ்டபிள்தான், ஆனால் எங்கள் யூனிட்டில் அவளைப் போல பிஸ்டல் சுடுகிற ஆள் இல்லை. மாநிலப் போட்டிக்கு எங்களிடமிருந்து ஒரே ஒருவரைத்தான் அனுப்புவார்கள். அதற்கான தேர்வு ஆனி மாதக் கடைசியில். இரண்டு வருஷமாக அதற்காகவே விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்துகொண்டிருந்தாள். நல்ல கைக்கு நல்ல சாமான் என்று பெருமையாகத்தான் கொடுத்தேன்.

முதல் நாள் பயிற்சியிலேயே சிக்கியது. அடுத்த நாளும் சிக்கியது. சுட்டுக்கொண்டே வரும்போது திடீரென்று, பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடு அடுத்த தோட்டாவை, அதாவது ரவுண்டை, பாதியில் கடித்துக்கொண்டு நின்றுவிடும். ஆர்.ஐ. அய்யாவுக்கு உடனே காரணம் கிடைத்துவிட்டது. மணிக்கட்டு தளர்ந்தால் பிஸ்டல் ஒழுங்காக வேலை செய்யாது என்பது உண்மைதான். அவர் அதோடு நிறுத்தவில்லை. "பொம்பளப் புள்ள மணிக்கட்டு அம்புட்டுத்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அவள் பிஸ்டலை என்னிடம் கொண்டு வந்தாள். நான் வெடிக்காத டம்மி ரவுண்டுகளை நிரப்பி, எல்லோரும் பார்க்க, கையால் ஸ்லைடை இழுத்து இழுத்து விட்டேன். பத்தும் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தன. மறுபடி நிரப்பினேன். மறுபடியும் பத்து. "துப்பாக்கியில ஒரு குறையும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னேன்.

ஆர்மரர் சொன்ன பிறகு யார் என்ன பேச முடியும்? அன்றிலிருந்து குறை அவள் கையில் என்று ஆகிவிட்டது. அவள் அழவில்லை. தண்ணீர் நிரப்பிய கேனைக் கயிற்றில் கட்டி மணிக்கட்டில் மாட்டி, காலையும் மாலையும் தூக்கி இறக்கினாள். பத்து நாளில் கை வீங்கிவிட்டது. ராஜபாளையம் பக்கம் நெய்கிற பாண்டேஜ் துணியைச் சுற்றிக்கொண்டு டூட்டிக்கு வந்தாள். அதைப் பார்த்துவிட்டு நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "விடாம செய்யிம்மா, சரியாயிரும்" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

தேர்வு நாள் வந்தது. சுடுதளம் ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகிற திசையில், மலை அடிவாரத்தில். மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்து ரவுண்டு, நேரம் வைத்து வேகமாகச் சுட வேண்டும். மற்றவர்கள் பழைய மாடல் பிஸ்டலில் சுட்டார்கள். காளீஸ்வரி புது மாடலில், முதல் சுற்றில் எட்டு சுட்டாள். எட்டும் நடுவில். ஒன்பதாவதில் சிக்கியது. சரிசெய்து சுடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

ஆர்.ஐ. அய்யா வந்து நின்றார். "ஏம்மா, இன்னொரு தடவ சிக்குச்சுன்னா ஒன்னைய எடுத்துட்டு அடுத்த ஆளப் போட்டுருவேன். ஏற்கெனவே சொல்லிட்டேன், பொறவு வருத்தப்படக் கூடாது." எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அரை மணி நேர இடைவேளை.

நான் வேப்பமரத்தடியில் கருவிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். அவள் நேரே என்னிடம் வந்து, பிஸ்டலைப் பாதுகாப்பாகத் திறந்து வைத்துவிட்டு நின்றாள்.

"ஏட்டையா, ஒண்ணு கேக்கட்டா? கோவப்படக் கூடாது."

"கேளு."

"எப்பவும் கடைசி ரெண்டு ரவுண்டுலதான் சிக்குது. எங் கை தப்புன்னா முதல் ரவுண்டுலயும் சிக்கணும்லா?"

"கை ஓஞ்சு போயிருக்கும்."

"எட்டு ரவுண்டுலயா ஓஞ்சிரும்? நான் தெனமும் அம்பது சுடுதேன் ஏட்டையா. சரி, இன்னொண்ணு. நீங்க கையால இழுத்துப் பாக்குற வேகமும், சுடும்போது ஸ்லைடு ஓடுற வேகமும் ஒண்ணா?"

எனக்குக் கோபம் வரத்தான் வந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் எனக்குத் தெரியும், இருபத்தெட்டு வருஷமாகத் தெரியும். கையால் இழுத்தால் மேகசினுக்கு ரவுண்டை மேலே தள்ள வேண்டிய மட்டும் நேரம் கிடைக்கும். சுடும்போது கண் இமைப்பதற்குள் ஸ்லைடு போய்த் திரும்பிவிடும். அதற்குள் ஸ்பிரிங் அடுத்த ரவுண்டை மேலே கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும். மேகசின் காலியாக ஆக ஸ்பிரிங் தளர்ந்துகொண்டே போகும், கடைசி ரெண்டுக்கு அதன் பலம் ரொம்பக் குறைவு. அந்த நேரத்தில் உள்ளே எதுவாவது பிடித்து இழுத்தால் அவ்வளவுதான். ரவுண்டு வந்து சேருமுன் ஸ்லைடு வந்துவிடும்.

உள்ளே பிடித்து இழுப்பதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். பட்டறை அம்மாவின் குரல் காதில் கேட்டது. இடம் குறையும், பரவாயில்லையா?

மேகசினின் அடிமூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கையும் ரவுண்டுகளை மேலே தள்ளும் தட்டையும் வெளியே எடுத்தேன். உள்ளே கறுப்பு. கறுப்பு மேல் கறுப்பு உரசினால் கண்ணுக்கு எப்படித் தெரியும்? கிடங்கில் இப்படி உரசல் பார்க்க ஒரு நீல மை வைத்திருப்பேன். அன்றைக்கு அதைக் கொண்டுவரவில்லை.

"செவப்பா எதாவது இருக்கா? மை, சாந்து, எதுனாலும்?" என்று கேட்டேன்.

அவள் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். தேர்வு என்று அவள் அம்மா ஆண்டாள் கோயிலில் அர்ச்சனை செய்து கொடுத்துவிட்ட குங்குமம். "இது ஆகுமா?"

நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அந்தக் குங்குமத்தைக் கும்பிட்டுத்தான் வாங்கினேன். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்து, தட்டின் ஓரங்களில் மெல்லிசாகத் தடவி, திரும்ப உள்ளே விட்டு, நாலு தடவை அமுக்கி விட்டு, கழற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கச் சுவரிலும் மேலிருந்து கீழ் வரை நீளமாகச் சிவப்புக் கோடு. தட்டு வழி நெடுக உரசிக்கொண்டே ஏறியிருக்கிறது. பெட்டியிலிருந்து அந்தத் துருப்பிடித்த மேகசினை எடுத்து அதிலும் அதே மாதிரி செய்தேன். ஒரு மூலையில் லேசாக ஒரு புள்ளி. வேறெங்கும் இல்லை.

காளீஸ்வரி இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். "அப்ப எங் கையில தப்பு இல்லையா ஏட்டையா?" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். கை வீங்கியபோதுகூட அழாத பெண்.

இனிமேல் நான் சொல்வதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இடைவேளை முடியப் பத்து நிமிஷம் இருந்தது. எனக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. துரு மேகசினை உள்ளும் புறமும் துடைத்து, ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சத்தமில்லாமல் அவள் கையில் கொடுத்துவிடலாம். அவள் சுட்டு ஜெயித்துவிடுவாள். என் கோட்டிங்கில் குறை என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் பட்டறைக்குப் போய் மற்ற மேகசின்களை ரகசியமாகத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். என் பெயர் காப்பாற்றப்படும். சத்தியமாகச் சொல்லுகிறேன், ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அவள் மணிக்கட்டில் அந்தப் பாண்டேஜ் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டால், அவள் ஜெயித்தாலும் "இன்னைக்கு ஏதோ கை நின்னுச்சு" என்றுதான் பேசுவார்கள். பொம்பளை மணிக்கட்டு என்ற சொல் அவள் சர்வீஸ் முழுக்கக் கூடவே வரும். எல்லோர் முன்னாலும் தீர்ப்புச் சொன்னவன் நான். அதை எல்லோர் முன்னாலும்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

எழுந்து போய் டீ குடித்துக்கொண்டிருந்த ஆர்.ஐ. அய்யா முன்னால் விறைப்பாக நின்றேன்.

"அய்யா, தப்பு எம்மேல. அந்தப் புள்ள கையில இல்ல."

"என்னய்யா தங்கையா, என்ன சொல்லுத?"

சொன்னேன். சிவப்புக் கோட்டைக் காட்டினேன். சுற்றி நின்ற எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் மேகசினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளைக்குப் பரிஞ்சு பேசுதியா? நீதான டம்மி ரவுண்டு போட்டுக் காட்டுன?" என்றார்.

"கையால காட்டுனேன் அய்யா. சுட்டுக் காட்டல. நீங்களே சுட்டுப் பாருங்க. ஒங்க மணிக்கட்டுல யாரும் குறை சொல்ல முடியாது."

எங்கள் ஆர்.ஐ. அய்யாவின் கையை நீங்கள் பார்த்ததில்லை. என் முழங்கை கனம் அவர் மணிக்கட்டு. அந்தக் காலத்தில் பிஸ்டலில் மெடல் வாங்கியவர். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார். சுடுமேடைக்கு வந்து நின்று, காளீஸ்வரியின் பிஸ்டலை வாங்கி, நான் குங்குமத்தைத் துடைத்துக் கொடுத்த கோட்டிங் மேகசினைப் போட்டார்.

துப்பாக்கி சிக்கக் கூடாது என்று ஜெபம் பண்ணாத ஆர்மரர் கிடையாது. அன்றைக்கு நான் ஒருவன்தான் வேறு மாதிரி ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, சிக்கணும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஏழு. எட்டு. ஒன்பதும் வெடித்தது. செத்தேன் என்று நினைத்தேன். பத்தாவதில் ஸ்லைடு ரவுண்டைப் பாதியில் கடித்துக்கொண்டு நின்றது.

அய்யா பிஸ்டலைப் பார்த்தார். தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பாமலே, "இன்னொரு கோட்டிங் மேகசின் கொண்டா" என்றார். கொடுத்தேன். அதில் எட்டோடு நின்றது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

அவர் பெரிய மனிதர் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ரவுண்டுகளை எடுத்துப் பிஸ்டலைக் காலி செய்து கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "எம் மணிக்கட்டும் பொம்பள மணிக்கட்டுதாம்போல. ஏம்மா காளீஸ்வரி, நான் சொன்னது தப்பு. ஒன் முதல் சுத்து செல்லாது, திரும்பச் சுடு." பிறகு என்னைப் பார்த்து, "எதுல சுடுவா?" என்றார்.

துருப்பிடித்த மேகசினை நீட்டினேன். "இதுலயா?" என்று முகத்தைச் சுளித்தார். "இதுலதான் அய்யா. மூஞ்சிதான் அசிங்கம்."

முதலில் அதைத் துடைத்து, நானே அதில் பத்து ரவுண்டு போட்டுச் சுட்டேன். சுட்டுப் பார்க்காமல் கொடுக்க எனக்கு இனி தைரியம் இல்லை. பத்தும் போனது. பிறகு அவளிடம் கொடுத்தேன்.

அவள் சுட்டதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று சுற்று, முப்பது ரவுண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் அதே ஒரு மேகசின். ஒவ்வொரு முறையும் ஒன்பது, பத்து என்று வரும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன், டப் டப் என்று இரண்டும் வெடிக்கும். மூன்றாவது சுற்றின் கடைசி ரவுண்டு போனதும் என் வாயிலிருந்து "அப்படிப் போடு தாயி" என்று வந்துவிட்டது. ஆர்.ஐ. அய்யா கண்டிக்கவில்லை. அவரே கை தட்டிக்கொண்டிருந்தார். இலக்கு அட்டையைக் கொண்டுவந்தபோது நடுவில் ஒரு பெரிய ஓட்டைதான் இருந்தது. அடுத்து வந்த ஆளுக்கும் அவளுக்கும் எட்டாத தூரம்.

அங்கேயே நின்று பட்டறைக்குப் போன் செய்தேன். "அம்மா, தங்கையா பேசுதேன். நீங்க அன்னைக்குக் கேட்டது சரி, நான் பேசுனது தப்பு. மிச்ச மேகசின் எல்லாத்துக்கும் உள்ள போட்டாச்சா?"

அந்த அம்மா சிரித்தார். "இன்னும் தொடவே இல்லை சார். கோபமா ஆர்டர் சொல்றவங்க வேலையை நாங்க கொஞ்ச நாள் தள்ளி வைப்போம். எப்படியும் போன் வரும்."

தேர் பந்தோபஸ்துக்கு, வெளியே மட்டும் கோட்டிங் போட்டு, உள்ளே பழையபடி இரும்பாக, ஒவ்வொன்றையும் முழுசாகச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேகசின்களை வெளியே விட்டேன். இன்றுவரை நம் கிடங்கில் அப்படித்தான் நடக்கிறது. கோட்டிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துருவுக்கு அது நல்ல மருந்து. எங்கே போடுகிறோம், எவ்வளவு கனம், அங்கே எது ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேஜையில் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுச் சுடுகிறவரைக் குறை சொல்லாதீர்கள். ஒரே ஆளுக்கு ஒரே இடத்தில் சிக்குகிறது என்றால், அவர் கையைப் பார்க்குமுன் அவர் சொல்வதைக் கேளுங்கள். நூல் மெஷின்காரர் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் பஸ் புறப்படும்போது காளீஸ்வரி என்னிடம் வந்தாள். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. ரொம்ப மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் பாடம் செய்து வைத்திருந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவள் மணிக்கட்டுப் பாண்டேஜை மெதுவாகச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். மடித்து என் கையில் வைத்தாள்.

"எனக்கு இனி இது வேண்டாம் ஏட்டையா. துப்பாக்கி தொடைக்க வச்சுக்கோங்க" என்றாள்.

துடைக்க எனக்கு மனசு வரவில்லை. அதில்தான் அந்த மேகசினைக் கட்டித் தொங்க விட்டிருக்கிறேன்.